வோஸ்பர் முடிச்சு

வின்செஸ்டர்,
2 ஏப்ரல் 1966

அன்புள்ள ஆஸ்டின்,

நான் நலம். உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? சிசிலிக்கு இருமல் நின்றதா? என் தங்கையின் உடம்பைப் பற்றி அவளிடம் கேட்டால் உன் உடம்பைப் பற்றி நாலு பக்கம் எழுதுகிறாள். அதனால் அவள் புருஷனிடம் கேட்கிறேன்.

ஸ்டிக்லண்ட் வழக்கில் தோற்றுவிட்டேன். பத்திரிகையில் சின்னதாக வந்தது, பார்த்திருப்பாய். டார்செட்டில் ஓடும் தண்ணீரில் வாட்டர்கிரெஸ் கீரை வளர்க்கும் விதவை. ஊற்றுத் தண்ணீர் இல்லாவிட்டால் அவளுக்குப் பிழைப்பு இல்லை. பக்கத்து நிலத்துக் கர்னல் லாவிங்டன் ஜல்லிக்குழி தோண்டி, அதில் ஊறும் தண்ணீரை எந்திரம் வைத்து இறைத்து ஆற்றில் விடுகிறார். அவருக்கும் அந்தத் தண்ணீர் வேண்டாம். இவளுடைய ஊற்று வற்றிவிட்டது.

1871-இல் பிரபுக்கள் சபை சொன்னது உனக்கு மனப்பாடம். பூமிக்கடியில் தண்ணீர் எப்படி ஓடுகிறதென்று எவருக்கும் தெரியாது. ஆகவே தன் நிலத்தில் ஒருவன் எவ்வளவு இறைத்தாலும் பக்கத்துக்காரன் கேட்க முடியாது. மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் எல்லாக் கதவையும் தட்டினேன். அது கிணறு, இது ஊற்று, அந்த முன்தீர்ப்பு இதற்குப் பொருந்தாது என்றேன். அன்றைய நீதிபதிகளிடம் அதற்கும் முந்திய ஒரு தீர்ப்பைக் காட்டவே இல்லை, தெரியாமல் சொன்னது எப்படிக் கட்டுப்படுத்தும் என்றேன். மூவரும் தலையாட்டினார்கள். நடுவில் இருந்தவர், "மிஸ்டர் ஹாலெட், நீங்க சொல்றதுல நியாயம் இருக்கு. ஆனா எங்க கை கட்டியிருக்கே. மேல உள்ளவங்க சொன்னது தப்புன்னு நாங்க சொல்ல முடியுமா?" என்றார். வெளியே வந்ததும் மிஸஸ் ஸ்டிக்லண்ட் கேட்டாள்: "மூணு பேரும் கையைக் கட்டியிருக்குன்னாங்களே, ஒருத்தர் கையிலயும் கயிறைக் காணோமே ஐயா?"

நீ நீதிபதியாக உட்கார்ந்திருக்கும் உங்கள் பிரபுக்கள் சபைக்குப் போக அனுமதி மனு போட ஒரு மாதம்தான் அவகாசம். உங்கள் சபையோ தான் ஒருமுறை சொன்னதைத் தானே மாற்றுவதில்லை என்று போன நூற்றாண்டிலிருந்து உட்கார்ந்திருக்கிறது. போகலாமா, வேண்டாமா?

நீ வாய் திறக்க முடியாது என்று தெரியும். வாய் வேண்டாம். தீர்ப்பையும் என் வாதக் குறிப்பையும் வோஸ்பர் முடிச்சுப் போட்டு அனுப்பியிருக்கிறேன். நம் இருவருக்கும் தொழில் சொல்லிக்கொடுத்த அந்தக் கிழவர் மேல்முறையீடு வேண்டாம் என்று ஒருநாளும் வாயால் சொன்னதில்லை. இளஞ்சிவப்பு நாடாவில் இரண்டு சுற்று, மேலே காது மாதிரி ஒரு வளையம். கட்டு அதே முடிச்சோடு திரும்பி வந்தால் 'விட்டுவிடு'. நாடா தளர்ந்து வந்தால் 'போ'. அதில் அவர் கணிப்பு தவறியதே இல்லை.

1951-இல் எனக்காக எழுதுவதாகச் சொன்ன சிபாரிசுக் கடிதத்தை நீ எழுதவே இல்லை. அதை நான் மறந்துவிட்டேன் என்று நினைக்காதே. ஆனால் இது எனக்காகக் கேட்பதல்ல.

உன்,
ஜெரார்ட்

*

லண்டன்,
14 ஏப்ரல் 1966

அன்புள்ள ஜெரார்ட்,

உன் கடிதம் கிடைத்தது. முழங்கால் மழைக்காலத்தில் என்னைவிட நன்றாகத் தீர்ப்புச் சொல்கிறது. சிசிலியின் இருமல் குறைந்திருக்கிறது. ப்ரூனோ தபால்காரரைக் கடித்துவிட்டது. நாய்க்கு வயதாகியும் புத்தி வரவில்லை. ரோஜாக்களைத் தாமதமாக வெட்டிவிட்டேன், இந்த வருஷம் பூக்குமோ என்னவோ.

நீ அனுப்பிய பொட்டலத்தைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள். கோடையில் வா.

அன்புடன்,
ஆஸ்டின்

*

டார்செட்,
25 ஏப்ரல் 1966

மதிப்புக்குரிய ஹாலெட் ஐயாவுக்கு,

நான் சௌக்கியம். நீங்களும் வீட்டம்மாவும் சௌக்கியம்தானே. எங்க ஊர் வக்கீல் சொலிசிட்டர் உங்க கடுதாசியைப் படிச்சுக் காட்டினாரு. மேல போக வேணாம், பிரயோசனம் இல்லைன்னு நீங்க எழுதியிருக்கீங்க. சரி. எனக்குச் சட்டம் தெரியாது, கீரை தெரியும். கீரையில வேர் அழுகிடுச்சுன்னு நான் சொன்னா நீங்க நம்புவீங்க இல்லையா, அதே மாதிரிதான் இதுவும்.

மேல்பாத்தி முழுக்கக் காய்ஞ்சு போச்சு. கீழ்ப்பாத்தியில கணுக்கால் அளவு தண்ணி நிக்குது, ஓட மாட்டேங்குது. ஓடாத தண்ணியில கிரெஸ் மஞ்சளாயிடும். கர்னலோட எந்திரம் ராப்பகலா பேசிக்கிட்டே இருக்கு. எங்க வீட்டுக்காரரு இருந்தா அதுக்கு ஒரு பேரு வச்சிருப்பாரு, எழுத முடியாத பேரு.

நீங்க கோர்ட்ல நல்லா பேசினீங்க. தோத்தாலும் கேக்க நல்லா இருந்துச்சு.

இப்படிக்கு,
மேபல் ஸ்டிக்லண்ட்

*

வின்செஸ்டர்,
1 ஆகஸ்ட் 1966

ஆஸ்டின்,

நலமா என்று கேட்க வேண்டும். கேட்டதாக வைத்துக்கொள்.

சனிக்கிழமை இங்கிலாந்து ஜெயித்த உலகக் கோப்பைக் கால்பந்தைப் பற்றி ஊரே பேசிக்கொண்டிருக்கிறது. நான் செவ்வாய்க்கிழமையைப் பற்றிப் பேசுகிறேன். அன்று உங்கள் சபை எழுந்து நின்று, இனிமேல் எங்கள் பழைய தீர்ப்புகள் சரியில்லை என்று தோன்றினால் அவற்றிலிருந்து விலகுவோம் என்று அறிவித்தது. கட்டிய கையை நீங்களே அவிழ்த்துக்கொண்டீர்கள். வாழ்த்துகள்.

ஒரே கேள்வி. இப்படிப்பட்ட அறிவிப்பு ஒரு வாரத்தில் முளைப்பதில்லை. ஏப்ரலில் உனக்குத் தெரியுமா?

ஜெரார்ட்

*

லண்டன்,
19 செப்டம்பர் 1966

அன்புள்ள ஜெரார்ட்,

பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. ஸ்காட்லாந்துக்குப் போயிருந்தோம். சிசிலிக்கு அந்தக் காற்று ஒத்துக்கொண்டது.

சபைக்குள் பேசியது சபைக்குள். எனக்கு என்ன தெரியும், எப்போது தெரியும் என்று நீ கேட்கக் கூடாது, நான் சொல்லக் கூடாது. உன் பொட்டலத்தைப் பொறுத்தவரை, என் முன் வரக்கூடிய ஒரு வழக்கின் தாள்களை நான் தொட முடியாது. வந்தது, போனது. அவ்வளவுதான். அதற்கு மேல் நீ ஏதாவது படித்துக்கொண்டிருந்தால் அது வோஸ்பர் கிழவரின் குற்றம். அவர் இறந்து பத்து வருஷமாகிறது, ஜெரார்ட்.

உன் கட்சிக்காரருக்கு என் அனுதாபங்கள்.

அன்புடன்,
ஆஸ்டின்

*

லண்டன்,
4 டிசம்பர் 1967

அன்புள்ள அண்ணா,

எப்படி இருக்கிறாய்? ஒரு வருஷமாக எங்களுக்கு ஒரு வரி இல்லை. அம்மாவின் கடிகாரத்தை நான் எடுத்துக்கொண்டதற்கு இன்னும் கோபமா? நீ வந்தால் அதையே உன் தலையில் கட்டி அனுப்புகிறேன், நாலு மணிக்கு ஆறு அடிக்கிறது.

விஸ்கவுண்ட் அல்டர்டன் வழக்கில் ஆஸ்டின் கொடுத்த தீர்ப்பைப் பற்றி எல்லாரும் பேசுகிறார்கள். பிரபுவின் ட்ரவுட் மீன் பண்ணைத் தண்ணீரை ஒரு சிமென்ட் கம்பெனி உறிஞ்சிவிட்டதாம். அந்த 1871 தீர்ப்பிலிருந்து சபை விலகிவிட்டது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை வீட்டில் சின்ன விருந்து. நீ வராவிட்டால் நான் சாப்பிட மாட்டேன்.

இருமல் மறுபடி வந்திருக்கிறது. நீ கேட்க மாட்டாய் என்பதால் நானே சொல்கிறேன்.

உன் தங்கை,
சிசிலி

*

வின்செஸ்டர்,
14 டிசம்பர் 1967

ஆஸ்டின்,

உன் வீட்டில் நன்றாகச் சாப்பிட்டேன். வாத்து கொஞ்சம் வேகவில்லை.

உன் தீர்ப்பை விருந்துக்கு முன்பே படித்திருந்தேன். '1871-இல் அது அறியாமை. இன்று தண்ணீர் எங்கிருந்து எங்கே போகிறதென்று அளந்து சொல்ல ஆட்கள் இருக்கிறார்கள். அறியாமை யாருக்கும் பட்டா எழுதிக் கொடுப்பதில்லை.' படித்ததும் இது எங்கேயோ கேட்ட குரல் என்று நினைத்தேன். அப்புறம் என் குரல்தான் என்று தெரிந்தது. கடைசி வாக்கியம் என் குறிப்பின் மூன்றாம் பக்கத்தில் அப்படியே இருக்கிறது. இரண்டு பேருக்கு ஒரே வாக்கியம் தோன்றலாம் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டுதான் உன் வீட்டுக்கு வந்தேன்.

நீ உள்ளே உன் விருந்தாளிகளோடு இருந்தபோது நான் சமையலறையில் சிசிலியோடு நின்றிருந்தேன். அவள் என்ன சொன்னாள் தெரியுமா?

"உனக்கும் இதுல பங்கு உண்டுல்ல அண்ணா? அன்னிக்கு உன் கட்டு வந்தப்போ காலைச் சாப்பாட்டைத் தள்ளி வச்சுட்டுப் படிச்சாரு. 'உங்க அண்ணன் பெரிய ஆளுடீ, இவ்வளவு காலமா கிராமத்துக் கோர்ட்ல வீணாப் போறான்'னாரு. நான்கூட உனக்கு எழுதணும்னு நினைச்சேன், மறந்துட்டேன்."

"படிச்சாரா? முடிச்சு அப்படியே இருந்துச்சே?"

"அது நான் கட்டினது. அவருக்கு அந்த முடிச்சு என்னிக்கு வந்துச்சு? வோஸ்பர் ஆபீஸ்ல அவர் கட்டற கட்டெல்லாம் மாடிப்படியிலயே அவிழ்ந்துடும்."

சிரித்தாள். நானும் சிரித்தேன். அவள் அங்கே தட்டச்சு செய்ய வந்த சின்னப் பெண். முடிச்சுப் போடத் தெரியும், அதன் பொருள் தெரியாது. உனக்குத் தெரியும். நீ படித்தாய். சபை மாறப்போகிறது என்று தெரிந்துகொண்டே படித்தாய். படித்துவிட்டு, 'விட்டுவிடு' என்று கட்டச் சொன்னாய்.

ஏன் என்று மட்டும் சொல். மரியாதையான காரணம் எதுவும் வேண்டாம், உண்மையானதைச் சொல்.

ஜெரார்ட்

*

லண்டன்,
9 ஜனவரி 1968

ஜெரார்ட்,

புத்தாண்டு வாழ்த்துகள். ப்ரூனோவைப் போன வாரம் அடக்கம் செய்தோம்.

நீ எழுதியவற்றை நான் ஏற்கவும் இல்லை, மறுக்கவும் இல்லை. பொதுவாக ஒன்று சொல்கிறேன். ஒரு பழைய முன்தீர்ப்பிலிருந்து விலகுவது வீட்டின் சுவரை இடிப்பது மாதிரி. முதல் அடியை எங்கே அடிக்கிறோம் என்று எல்லாரும் பார்ப்பார்கள். அந்த முதல் வழக்கு, சபையில் இருக்கும் ஒருவரின் மனைவியுடைய அண்ணன் நடத்திய வழக்காக இருந்தால், குடும்பத்துக்காகச் சட்டத்தை மாற்றினார்கள் என்று நூறு வருஷத்துக்குப் பேசுவார்கள். அந்தப் பேச்சு எழாமல் பார்த்துக்கொள்ள ஒருவர் விரும்பியிருந்தால் அவரை நான் குறை சொல்ல மாட்டேன். சட்டம் மாறிவிட்டது. நீ விரும்பியதும் அதுதானே.

வாத்தைப் பற்றிச் சமையல்காரியிடம் சொல்லிவிட்டேன்.

ஆஸ்டின்

*

டார்செட்,
22 ஜனவரி 1968

மதிப்புக்குரிய ஹாலெட் ஐயாவுக்கு,

சௌக்கியம்னு எழுதணும், எழுதிட்டேன்.

நீங்க நேர்ல வந்து எல்லாத்தையும் சொல்லிட்டுப் போனப்புறம் ரெண்டு நாள் எனக்கு ஒண்ணும் ஓடலை. ஒரு நாடா முடிச்சைப் பார்த்துட்டா எனக்கு வேணாம்னு சொன்னீங்க? படிச்சவங்க ஒருத்தரோட ஒருத்தர் பேசிக்க வேற வழியே கிடையாதா?

சொலிசிட்டரைக் கேட்டேன். மீன் பண்ணை பிரபுவுக்குத் தண்ணி கிடைச்சா எனக்கும் கிடைக்கணுமேன்னு. அவரு சொல்றாரு, பெரியவங்க தீர்ப்பு சொன்னா புதுசா சட்டம் செஞ்சதா அர்த்தம் இல்லையாம், சட்டம் ஆதியிலேருந்தே அப்படித்தான் இருந்துச்சுன்னு அர்த்தமாம். அப்படின்னா என் ஊத்துத் தண்ணி அப்பவும் என்னோடதுதானேன்னேன். ஆமா, ஆனா உங்க வழக்கு முடிஞ்சுபோச்சேங்கறாரு. ட்ரவுட் மீனுக்கு ஒரு சட்டம், கீரைக்கு ஒரு சட்டமா?

கர்னல் ஆள் அனுப்பியிருக்காரு. காய்ஞ்ச பாத்தியை வாங்கிக்கறேன்னு. மார்ச் இருபத்தஞ்சுக்குள்ள கையெழுத்துப் போடணுமாம். வேற வழி இருந்தா அதுக்குள்ள சொல்லுங்க. இந்தத் தடவை முடிச்சு கிடிச்சு வேணாம், வாயால சொல்லுங்க.

மேபல் ஸ்டிக்லண்ட்

*

வின்செஸ்டர்,
5 பிப்ரவரி 1968

அன்புள்ள சிசிலி,

உன் இருமல் எப்படி இருக்கிறது? இந்த முறை உண்மையாகவே கேட்கிறேன். மார்புக்குக் கம்பளி போட்டுக்கொள்.

உன்னிடம் ஒன்று கேட்க வேண்டும். காலம் கடந்த பிறகும் அனுமதி மனுவை ஏற்கச் சபைக்கு அதிகாரம் உண்டு. தாமதத்துக்குத் தக்க காரணம் காட்ட வேண்டும். மிஸஸ் ஸ்டிக்லண்டின் தாமதத்துக்கு ஒரே காரணம், ஆஸ்டின் திறந்து படித்த கட்டு திறக்காத கட்டு போல என்னிடம் திரும்பி வந்தது. அதைப் பார்த்தவள் நீ ஒருத்தி. நீ சொன்னதைப் பிரமாணப் பத்திரமாகத் தட்டச்சு செய்து இத்துடன் வைத்திருக்கிறேன். ஒரே பக்கம். அன்று காலை முட்டையைத் தள்ளி வைத்துவிட்டு அவர் படித்தார், நீ மறுபடி கட்டினாய், அவ்வளவுதான். உண்மையாக இருந்தால் கையெழுத்துப் போடு.

இது ஆஸ்டினுக்கு என்ன செய்யும் என்று எனக்குத் தெரியும். அவர் என்னிடம் ஒரு காரணம் சொன்னார், குடும்பப் பேச்சு வரக் கூடாதாம். அப்படியானால் ஸ்டிக்லண்ட் வழக்கைச் சபைக்கு வரவிட்டு அவர் விலகி உட்கார்ந்திருக்கலாம். மற்றவர்கள் தீர்ப்புச் சொல்லியிருப்பார்கள், அவளுக்குத் தண்ணீர் வந்திருக்கும். ஆனால் அந்த நாற்காலியில் அன்று அவர் இருந்திருக்க மாட்டார். அந்தத் தீர்ப்பைத் தன் வாயால் சொல்ல அவருக்கு ஆசை. என் வாக்கியத்தை வைத்துக்கொண்டு ஒன்றே முக்கால் வருஷம் பிரபு வருவதற்குக் காத்திருந்தார்.

மனு தோற்கலாம், அநேகமாகத் தோற்கும். ஆனால் மனு நிலுவையில் இருந்தால் கர்னல் இறங்கி வருவார் என்று சொலிசிட்டர் சொல்கிறார். எந்திரத்தை நிறுத்தினால் போதும், ஒரு வருஷத்தில் ஊற்று திரும்பும். மார்ச் இருபத்தைந்துக்குள் வேண்டும்.

எனக்காக நீ எதுவும் செய்ததில்லை. நானும் கேட்டதில்லை. இதுவும் எனக்காக அல்ல.

உன் அண்ணன்,
ஜெரார்ட்

*

லண்டன்,
21 மார்ச் 1968

அன்புள்ள அண்ணா,

உன் கடிதம் கிடைத்து ஆறு வாரம் ஆகிவிட்டது, மன்னித்துக்கொள். இருமல் இல்லை. டாக்டர் கொடுத்த மருந்து வாயெல்லாம் கசக்கிறது. ஆஸ்டினின் முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுக்கிறேன். புதிதாக ஒரு நாய்க்குட்டி வாங்கியிருக்கிறோம், செருப்பையெல்லாம் கடித்துத் துப்புகிறது. தோட்டத்தில் டாஃபடில் பூத்துவிட்டது. அம்மாவின் கடிகாரத்தைச் சரிசெய்யக் கொடுத்திருக்கிறேன். வந்ததும் உனக்கே அனுப்பிவிடுகிறேன், நீயே வைத்துக்கொள்.

நீ அனுப்பிய பொட்டலத்தைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள். கோடையில் வா.

உன் தங்கை,
சிசிலி

*

வின்செஸ்டர்,
23 மார்ச் 1968

சிசிலி,

பொட்டலம் இன்று காலை வந்தது. நான் உனக்கு அனுப்பியது சாதாரண உறையில். நீ அனுப்பியது இளஞ்சிவப்பு நாடாவில். இரண்டு சுற்று, மேலே ஒரு காது. ஆஸ்டினுக்கு அந்த முடிச்சு வராது என்று நீதான் சொன்னாய்.

வோஸ்பர் ஆபீசில் நீ தட்டச்சு மட்டும்தான் செய்தாய் என்று நினைத்திருந்தேன். அவருக்கு எல்லாக் கட்டுகளையும் கட்டிக்கொடுத்தவள் நீ. எது எதற்கென்று தெரியாமலா கட்டியிருப்பாய்? 1966-இல் என் கட்டைக் கட்டும்போதும் தெரிந்துதான் கட்டினாய். ஆஸ்டின்மேல் இருந்த கோபத்தில் இதை நான் யோசிக்கவே இல்லை.

நான் அதை அவிழ்க்காமல் மேஜையில் வைத்திருந்தேன். திங்கட்கிழமை கர்னலுக்குக் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் என்னைப் பார்க்க மிஸஸ் ஸ்டிக்லண்ட் வந்திருந்தாள். பார்த்ததும் அவளுக்குப் புரிந்துவிட்டது.

"இதுதான் அந்த முடிச்சா?"

"ஆமாம்."

"உள்ள என்ன இருக்குன்னு பார்த்தீங்களா?"

"பார்க்க வேண்டியதில்லை. இதற்கு அர்த்தம்..."

"மறுபடியும் முடிச்சையே படிச்சுக்கிட்டு உக்காந்திருக்கீங்களே ஐயா!" என்று சொல்லி, பையிலிருந்த கீரை அறுக்கும் கத்தியை எடுத்து நாடாவை ஒரே அறுப்பாக அறுத்தாள். இவ்வளவு காலத்தில் எங்களில் ஒருவருக்கும் தோன்றாத காரியம்.

பத்திரம் உள்ளே இருந்தது. கையெழுத்துப் போட வேண்டிய இடம் வெறுமையாக இருந்தது, அது இல்லாமல் இந்தத் தாள் சபையில் செல்லாது. ஆனால் நீ படித்திருக்கிறாய். பழைய தட்டச்சுக்காரியின் பழக்கம் விடவில்லை. 'முட்டையைத் தள்ளி வைத்துவிட்டு' என்று நான் ஊகித்து எழுதியிருந்தேன் அல்லவா? அதில் 'முட்டையை' என்பதை மட்டும் பென்சிலால் அடித்துவிட்டு, மேலே 'மீனை' என்று திருத்தியிருக்கிறாய். மற்ற எதையும் தொடவில்லை.

மிஸஸ் ஸ்டிக்லண்ட் அதை இரண்டு தடவை படிக்கச் சொல்லிக் கேட்டாள். "அப்போ மத்ததெல்லாம் நிஜம்," என்றாள். கத்தியைத் துடைத்துப் பையில் போட்டுக்கொண்டு பஸ்ஸுக்குப் போய்விட்டாள்.

கடிகாரம் வேண்டாம்.

ஜெரார்ட்